தேதியில்லாத ஆறு பெயர்கள்

காலை பத்து மணி பத்து நிமிடம். மாடிப்படியில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடையின் முனை. அடுத்து அதைப் பிடித்திருந்த வெளுத்த கை. அதன்பிறகுதான் ஆள். 1976 பிப்ரவரி மாதம். வெளியே நல்ல வெயில். குடையை ஊன்றித்தான் அவர் படியேறினார். வெளிர்நீலக் கவுன், கான்வாஸ் செருப்பு, கக்கத்தில் தோல் பை. மேலே வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மரண அறிவிப்புகள் பத்து மணி முதல் வாங்கப்படும் என்று கீழே பலகையில் எழுதியிருந்தது. பத்து நிமிடம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டார். சாவைச் சொல்ல வந்த யாரும் அதற்கு முன் எங்களிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஒரு மலையாள நாளிதழின் மட்டாஞ்சேரிக் கிளையில் முப்பத்தைந்து வருடம் மரண அறிவிப்புகளைப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் கணினியைக் காட்டினார். இறந்த தேதி என்ற கட்டம் காலியாக இருந்தால் அது சிவப்பாகிவிடும். அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. "உங்க காலத்தில தேதியில்லாம யாராவது வந்திருக்காங்களா, மணி சாரே?" என்று கேட்டார். ஒருவர் வந்தார் என்றேன். அதற்குள் தொலைபேசி அடித்தது. பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் பேசியது மலையாளம். அதை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன். ஒன்றிரண்டு மலையாளச் சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேரளத்தில் பத்திரிகையைப் பிரித்ததும் பலர் முதலில் பார்ப்பது மரணப் பக்கத்தைத்தான். இறந்தவரின் சிறிய படம், கீழே நாலைந்து வரி. பணக்காரர், ஏழை என்ற பேதமில்லாமல் வரும். திருநெல்வேலியிலிருந்து வரும் எங்கள் உறவினர்கள் சிரிப்பார்கள்: "என்னப்பா, பக்கம் பூரா பாஸ்போர்ட் போட்டோவா இருக்கு?" இந்த ஊரில் அந்தப் பக்கத்தில் வராதவன் சரியாகச் சாகவில்லை என்று பொருள்.

என் அப்பா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. சுள்ளிக்கல் பக்கம் காலனியில் வீடு. பள்ளியில் மலையாளம் படித்தேன். தமிழ் எழுதக் கற்றது பின்னால். இரண்டு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். பிறகு மரண அறிவிப்பு மேசை. கிளை அலுவலகம் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. மூட்டை அவிழ்க்கும் நாட்களில் மேலே வருகிற எல்லோரும் தும்முவார்கள். துக்கத்தோடு வந்தவர்கள் தும்மிக்கொண்டே விவரம் சொல்வார்கள்.

கிளைக்குப் பொறுப்பாளர் சாக்கோ சார். யாராவது மரணச் செய்தியோடு படியேறினால் எழுந்து நிற்பார், தண்ணீர் கொடுப்பார், அனுதாபமாக ஒரு சொல் சொல்ல மாட்டார். "அது நம்ம வேலை இல்லையெடோ. அவங்க அழுறதுக்கு வீட்டில ஆளுண்டு. இங்க வந்தது எழுத்துக்கு." அவர் கையில் எப்போதும் ஒருமுனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் இருக்கும். படிவத்தில் ஏழு கட்டங்கள்: பெயர், வீட்டுப்பெயர், வயது, இறந்த நாள், காரணம், அடக்கம் எங்கே, உறவினர் யார். நிரம்பிய கட்டத்துக்கு நீலம், காலிக் கட்டத்துக்குச் சிவப்பு. ஒரு சிவப்பு இருந்தாலும் அறிவிப்பு போகாது. கூடவே ஓர் ஆவணம் வேண்டும்: மருத்துவமனைச் சீட்டு, பள்ளிவாசல் கடிதம், பென்ஷன் புத்தகம், ஏதாவது ஒன்று. வீட்டார் சொல்லும் பெயரும் ஆவணத்திலுள்ள பெயரும் மாறினால் ஆவணத்தில் உள்ளதே அச்சில் வரும்.

மறுநாள் காலை முதல் வேலை ஒத்துப் பார்ப்பது. அச்சான அறிவிப்பையும் ஆவணத்தையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். நாங்கள் ஆவணத்திலிருந்து விலகியிருந்தால் திருத்தம் போடுவோம். யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. விலகாமல் இருந்தால், யார் வந்து கேட்டாலும் திருத்தம் கிடையாது.

இத்தனை கண்டிப்புக்கும் காரணம் உண்டு. நான் சேர்வதற்கு முன், இடக்கொச்சியில் ஒரு மீன் வியாபாரி இறந்துவிட்டதாக அவருடைய மைத்துனரே எழுதிக்கொடுத்து, அது படத்தோடு வந்துவிட்டது. பத்தரை மணிக்கு அந்த வியாபாரி படியேறி வந்து சாக்கோ சார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "சாரே, செத்தவனுக்கு ஒரு சாயா கிடைக்குமா?" சாயா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு, "போட்டோ நல்லாருந்தது. இன்னொண்ணு எடுக்க வேண்டாம், சாகிறப்ப இதையே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சாக்கோ சார் இதை எல்லாரிடமும் சொல்வார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். "தேதியும் பேப்பரும் இல்லாத சாவு செய்தியில்ல, வதந்தி" என்று முடிப்பார்.

1973-இல் என் அப்பா இறந்தார். அவர் பெயர் ராகவன். வேலைக்குச் சேர்ந்த அன்று நகராட்சி மேற்பார்வையாளர், "ராகவன் என் பெரியப்பா பேரு. தோட்டிக்கு அது எதுக்கு?" என்று கேட்டு, வருகைப் பதிவேட்டில் ராக்கன் என்று எழுதினார். முப்பது வருடம் அப்பா அந்தப் பெயருக்கு ஆஜர் சொன்னார். பென்ஷன் புத்தகத்திலும் அதுவே. அறிவிப்பை எழுதியது நான்தான். ராக்கன் என்றே எழுதினேன். சித்தப்பா பத்திரிகையை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். "உங்க ஆபீசில எழுத்துக்குக்கூடப் பஞ்சமாடா? அண்ணன் பேரு ராகவன்டா!" அம்மா மூலையிலிருந்து, "குடும்பப் பென்ஷன் வரணும். பேரை வச்சு யாரு கஞ்சி குடிக்கிறது" என்றார். பேச்சு முடிந்தது.

இனி அந்தப் பிப்ரவரி.

அவர் பெயர் எல்ஸா. யூதத் தெருவில் ஒரு மாடியறையில் தனியாக இருந்தார். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மட்டாஞ்சேரிப் பாலத்தைக் கடந்து வேலைக்கு நடந்து போகும் வெள்ளைக்காரப் பெண்ணாக அவரை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பேசியதில்லை. மலையாளம் சுத்தமாக, புத்தகத்திலிருந்து எடுத்தது போலப் பேசினார்.

சாக்கோ சார் எழுந்து நின்றார். தண்ணீர் கொடுத்தார். நான் படிவத்தை எடுத்தேன்.

"எத்தனை படிவம் தருவீர்கள்? ஆறு வேண்டும்" என்றார்.

எங்கள் பக்கம் ஒரே வீட்டில் ஆறு பேர் என்றால் படகு கவிழ்ந்திருக்க வேண்டும். "படகா, மேடம்?"

"ரயில்."

காரணம் என்ற கட்டத்தில் ரயில் விபத்து என்று எழுதத் தொடங்கினேன். அவர் மேசைக்கு மேலாகக் குனிந்து என் பேனாவைப் பார்த்தார். "விபத்து இல்லை."

பெயர்களை ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அப்பா யூலியுஸ், அம்மா பெர்த்தா, அண்ணன் குர்ட், அண்ணி லிலி, அவர்களுடைய பிள்ளைகள் மாக்ஸ், ரூத். மாக்ஸுக்கு ஆறு வயது. ரூத்தை அவர் பார்த்ததில்லை. அவர் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு பிறந்தவள். போர்க்காலத் தபாலில் இருபத்தைந்து சொல்லுக்கு மேல் எழுதக் கூடாதாம். அதில் நான்கு சொல் குழந்தைக்குப் போயிருந்தது.

"எந்த ஊர்?"

"ஹாம்பர்க்."

"இறந்த நாள்?"

"தெரியாது."

"ஏறக்குறைய, மேடம்?"

"1941 நவம்பரில் ரயிலில் ஏற்றினார்கள். மின்ஸ்க் என்ற ஊருக்கு. அதற்குப் பிறகு ஒருவருக்கும் தெரியாது."

நான் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன். எங்கள் மேசைக்கு முந்தின நாள் சாவும் அதற்கு முந்தின நாள் சாவும்தான் வரும்.

"அடக்கம் எங்கே?"

"இல்லை."

"காரணம்?"

"அரசாங்கம்."

சாக்கோ சார் தலையை நிமிர்த்தினார். "அரசாங்கம்ங்கிறது நோவு இல்லையே, மேடம்."

"ஜெர்மனியில் இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை. சாக்கோ சார் பென்சிலை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். எந்த அரசாங்கம்னு படிக்கிறவன் கேப்பான்." நாட்டில் அப்போது அவசரநிலை. வடக்கே ஏதோ ஒரு பத்திரிகையில் மரண அறிவிப்பு என்ற வடிவில் யாரோ ஆட்சியைக் கிண்டல் செய்துவிட்டார்கள் என்று பேச்சு. அதன்பின் எங்கள் தலைமை அலுவலகத்தில் மரணப் பக்கத்தையும் ஒரு மேலதிகாரி படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு விட்டார்.

எதற்காக இத்தனை வருடம் கழித்து, என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

அவர் சொன்னது இது. யூதத் தெருவில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் அவருடைய கீழ்வீட்டாரும் கிளம்புகிறார்கள். அவரை இளம்பெண்ணாகப் பார்த்தவர்கள் இன்னும் சிலர்தான் பாக்கி. "முப்பத்தாறு வருடமாக உங்கள் பக்கத்தைப் படிக்கிறேன். இந்த ஊரில் இறந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். என்னுடையவர்களுக்குக் கல்லும் இல்லை, பக்கமும் இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கும்போதே அவர்கள் பெயர் ஒரு நாள் வர வேண்டும். நடந்தது நடந்தபடி. கொல்லப்பட்டார்கள். நாள் தெரியாது. அவ்வளவுதான்."

தோல் பையிலிருந்து இரண்டு ஆவணங்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று, காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம் ஒன்று அனுப்பிய கடிதம். ரயிலில் ஏற்றப்பட்டவர்களின் பட்டியலிலிருந்து ஆறு பெயர்கள் அதில் தட்டச்சாகியிருந்தன. மற்றது ஜெர்மன் நீதிமன்ற உத்தரவு, ஆங்கில மொழிபெயர்ப்போடு. நான் அவற்றைப் படிவத்தோடு சேர்த்துக் குத்தும்போது, சும்மா இருக்க முடியாமல், எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன்: "இங்க உங்களுக்கு யாரும் ஒண்ணும் பண்ணலையே, மேடம். நம்ம கொச்சியில அப்படி இல்லையே."

"இல்லை. போர் தொடங்கியதும், எதிரி நாட்டுக்காரி என்று, இங்கே போலீஸ் என்னிடம் வாரம் ஒரு கையெழுத்து வாங்கியது, அவ்வளவுதான். அங்கே நான் யூதச்சி. இங்கே ஜெர்மன்காரி."

அவர் இறங்கிப் போன பிறகு சாக்கோ சார் ஆறு படிவங்களையும் பார்த்தார். நாள், காரணம், அடக்கம். மூன்று ஆறு பதினெட்டுச் சிவப்பு. "நடக்காதெடோ. பாவம் அந்த ஸ்திரீ. ஆனா நடக்காது."

"நினைவஞ்சலியாப் போடலாமே, சாரே?"

"அது நினைவு நாள். அதுக்கும் நாள் வேணும்." பென்சிலால் மேசையைத் தட்டினார். "தேதியில்லாம இந்த ஆறு பேரும் நம்ம பக்கத்தில வர ஒரே வழிதான். அவங்க நோட்டீஸ்ல வரணும். உறவுக்காரங்க கட்டத்தில, பரேதர்னு." ஒருவரின் அறிவிப்பில் அவருக்கு முன்பே இறந்துபோன உறவினர்களின் பெயருக்கு முன்னால் பரேதர் என்று போடுவது மலையாள வழக்கம். அவர்களுக்குத் தேதி வேண்டாம், ஆவணமும் வேண்டாம். அதாவது, எல்ஸா மேடம் செத்தால் வரும். சாக்கோ சார் கேலியாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னார்.

எனக்கு அப்போது வயது முப்பது. மேசையில் எட்டு வருட அனுபவம். காலிக் கட்டங்களை நிரப்புவதில் எனக்குச் சாமர்த்தியம் உண்டு என்று பெயர் வாங்கியிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த இரண்டு ஆவணங்களையும் படித்தேன். நீதிமன்ற உத்தரவில் தேதி இருந்தது. ஆறு பேரும் 1945 மே எட்டாம் தேதி இறந்ததாகக் கருதப்பட வேண்டும் என்று நீதிபதி கையெழுத்திட்டிருந்தார். இவ்வளவு தெளிவான தேதியைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாது என்கிறாரே, வயதாகிவிட்டது என்று நினைத்தேன். தேதியை எழுதினேன். காரணத்துக்குப் போர்க்காலத்தில் என்று எழுதினேன். அதை யாரும் வெட்ட மாட்டார்கள். அடக்கம் ஜெர்மனியில் என்று எழுதினேன். பிறகு பெயர்களை ஒத்துப் பார்த்தேன். அவர் தாளில் பெர்த்தா. கடிதத்தில் பெர்த்தா ஸாரா. லிலி ஸாரா. ரூத் ஸாரா. ஆண்கள் மூவருக்கும் பின்னால் இஸ்ரயேல். எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் ஸாரா சாதாரணப் பெயர். வேற்றுமையாக ஒன்றும் தோன்றவில்லை. கையால் எழுதியதில் அவசரத்துக்கு விட்டிருப்பார் என்று எடுத்துக்கொண்டு, விதிப்படி ஆவணத்தில் உள்ளதையே எழுதினேன். பதினெட்டும் நீலமாயின.

சாக்கோ சார் பார்த்தார். "அவங்ககிட்ட கேட்டியா?"

"ஆவணம் அவங்க கொடுத்ததுதானே, சாரே."

"சரி" என்றார்.

ஆறு படிவங்களும் ஒரே அறிவிப்பாக வெள்ளிக்கிழமை வந்தன. ஒத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஆறு பேருக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று முழுவதும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. திங்கள் சரியாகப் பத்து மணிக்கு எல்ஸா மேடம் வந்தார். பத்திரிகையை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்தார். ஸாரா, இஸ்ரயேல் என்று வந்த ஆறு சொற்களின் கீழே அளவுகோல் வைத்துக் கோடிட்டிருந்தார்.

"இந்தப் பெயர்களை யார் வைத்தது?"

"உங்க கடிதத்தில இருந்தது, மேடம். ஆவணத்தில உள்ளபடிதான்..."

"அது பட்டியலிலிருந்து எடுத்தது. பட்டியல் போட்டது யார்?"

அவர் உட்காரவில்லை. வகுப்பில் பாடம் சொல்வது போல, குரலை உயர்த்தாமல் சொன்னார். 1939 ஜனவரி முதல் நாளிலிருந்து ஜெர்மனியில் யூதப் பெண்கள் எல்லாரும் தங்கள் பெயரோடு ஸாரா என்று சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆண்கள் இஸ்ரயேல். சட்டம். பெயரைப் படித்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட வேண்டும். எண்ணுவதற்கு வசதி. ஏற்றுவதற்கு வசதி. "என் அம்மா ஐம்பத்தைந்து வருடம் பெர்த்தாவாக இருந்தார். ரூத் பிறந்ததே ஸாராவாகத்தான். கொன்றவர்கள் வைத்த பெயரை நீங்கள் என் அம்மாவுக்கு வைத்திருக்கிறீர்கள்."

பிறகு தேதி. விரலை வைத்துக் காட்டினார். "மே எட்டு. என்ன நாள் தெரியுமா?"

தெரியவில்லை.

"ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். அன்று யாரையும் ரயிலில் ஏற்றவில்லை. கோர்ட்டுக்கு ஒரு தேதி வேண்டும், வாரிசு வழக்குக்கு. எல்லாருக்கும் ஒரே தேதியைப் போட்டுக் கொடுத்தார்கள். கொலை நின்றுபோன நாளில் இவர்கள் செத்ததாக." விரலை எடுத்தார். "நாள் தெரியாது என்று எழுதச் சொன்னேன். அது குறை இல்லை, மிஸ்டர் மணி. அதுதான் செய்தி."

செய்தி என்ற சொல்லை எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை கீழ்வீட்டம்மா மேலே வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, 'இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே எல்ஸா, சண்டையிலயா போனாங்க?' என்று அழுதார். ஆமாம் என்று சொன்னேன். பத்திரிகையில் வந்துவிட்டதே. இனி அவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கப்பலேறுவார்கள்."

திருத்தம் போட முடியுமா என்று கேட்டார். நான் சாக்கோ சாரைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார். வேறு வழி தெரியாத குரலில் சொன்னார்: "மேடம், எங்க பக்கம் தப்பு வந்தா நாளைக்கே திருத்துவோம். இதில நாங்க ஆவணத்துக்கு மாறா ஒண்ணும் செய்யலை."

"தெரியும். அங்கேயும் ஆவணத்துக்கு மாறாக ஒன்றும் செய்யவில்லை."

சாக்கோ சார் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை. பத்திரிகையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். படியருகில் நின்று, என்னைப் பார்த்து, வேறொருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: "நான் 1939 ஏப்ரலில் கிளம்பினேன். என் பாஸ்போர்ட்டிலும் அந்தப் பெயர் இருந்தது. இங்கே போலீஸ் அதைப் பார்த்து எழுதியது. கப்பல் அலுவலகம் போலீஸ் சீட்டைப் பார்த்து எழுதியது. முப்பது வருடம் அலுவலகத்தில் என்னை எல்லாரும் ஸாரா மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அன்பாகத்தான்."

அப்பாவின் பென்ஷன் புத்தகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் நான் தெரிந்துகொள்ளப் போனேன். பள்ளியில் அந்தப் போரைப் பற்றிப் படித்திருந்தேன். தேதிகள், தளபதிகள், அணுகுண்டு. எங்கள் வீட்டில் போர் என்றால் அரிசி கிடைக்காமல் கப்பைக் கிழங்கு தின்ற காலம். எர்ணாகுளம் தலைமை அலுவலகத்தில் பழைய இதழ்களின் கட்டுகள் இருந்தன. விடுமுறை நாட்களில் போய் 1945-ஐப் புரட்டினேன். முகாம்களைப் பற்றி எங்கள் பத்திரிகையில் அந்த மே மாதம் நான் கண்டது இரண்டு செய்திகள். ஒன்று நான்கு வரி, மற்றது ஆறு வரி. இரண்டும் உள்பக்கத்தில், சோப்பு விளம்பரத்துக்கு மேலே. அவற்றில் யூதர் என்ற சொல் ஓரிடத்தில் இருந்தது. மரணப் பக்கம் அன்றும் நிரம்பியிருந்தது. எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது.

பிறகு பொது நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன். எண்ணிக்கைகளைப் படித்தேன். என் மேசையில் வந்த ஆறு போக மீதியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. படித்ததில் என்னை நிறுத்தியது ஒன்றுதான். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். படிவம் நிரப்பியவர்கள். பட்டியலையும் ஆட்களையும் ஒத்துப் பார்த்தவர்கள். ரயில் நேரம் குறித்தவர்கள். காலிக் கட்டம் இருக்கக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள். என் வேலை அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையை என்னால் நன்றாகச் செய்திருக்க முடியும் என்பதும் தெரிந்தது.

ஏப்ரலில் கீழ்வீட்டார் போனார்கள். எல்ஸா மேடம் பிறகு எங்கள் படியேறவில்லை. ஓரிரு முறை படகுத்துறையில் பார்த்தேன். தலையசைப்பார், நானும் அசைப்பேன். ஒருமுறை அருகில் போய் மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். "படகு வந்துவிட்டது, மிஸ்டர் மணி" என்றார். வந்திருந்தது. அடுத்த வருடம் அவசரநிலை முடிந்தது. அரசாங்கம் என்ற சொல்லை எங்கும் எழுதலாம் என்றானது. பழைய அறிவிப்பைத் திரும்பப் போட எங்களிடம் விதி இல்லை. சாக்கோ சார் 1981-இல் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தன்று என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த ஹாம்பர்க் நோட்டீஸ்... நான் உன்னைத் தடுத்திருக்கணும்" என்றார். பிறகு, "எதை வச்சுத் தடுப்பேன், சொல்லு. எல்லாம் நீலமால்லே இருந்தது" என்றார்.

1985 ஜூலையில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், யூதத் தெருவில் எல்ஸா மேடத்தின் அறைக்குக் கீழே கடை வைத்திருந்தவர் நனைந்துகொண்டு படியேறினார். மருத்துவமனைச் சீட்டும் பென்ஷன் புத்தகமும் கொண்டுவந்திருந்தார். அடக்கத்தன்று பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம். தெருவில் அத்தனை பேர் இல்லை. எர்ணாகுளத்திலிருந்து வரவழைக்கிறார்கள் என்றார். "நாளைக்கே வரணும் சேட்டா. அவங்க தினம் இந்தப் பக்கம் படிப்பாங்க."

படிவத்தை நானே எழுதினேன். வயது, நாள், காரணம், அடக்கம், எல்லாம் இருந்தது. உறவினர் கட்டத்தில் ஆறு பேரையும் எழுதினேன். பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. மருத்துவமனைச் சீட்டில் எல்ஸா ஸாரா. பென்ஷன் புத்தகத்தில் எல்ஸா ஸாரா. நான் எல்ஸா என்று எழுதினேன். பதினேழு வருடத்தில் ஆவணத்திலிருந்து தெரிந்தே விலகியது அந்த ஒருமுறைதான். அறிவிப்பு இப்படி வந்தது:

"மட்டாஞ்சேரி: யூதத் தெருவில் வசித்த எல்ஸா (70) காலமானார். ஓய்வுபெற்ற தட்டச்சர். அடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு யூதர் கல்லறையில். பரேதர்களான யூலியுஸ், பெர்த்தா தம்பதியின் மகள். சகோதரர் பரேதனான குர்ட். அவர் மனைவி பரேதையான லிலி. அவர்களின் மக்கள் பரேதர்களான மாக்ஸ், ரூத்."

அப்போது ஒத்துப் பார்க்கும் வேலை எங்களிடமிருந்து எர்ணாகுளம் தலைமை அலுவலகத்துக்கு மாறியிருந்தது. படிவங்களும் ஆவணங்களும் அன்றன்று மாலையே அங்கே போய்விடும். அறிவிப்பு வந்ததற்கு மறுநாள், மரணப் பக்கத்தின் அடியில், கோடு போட்ட கட்டத்துக்குள் மூன்று வரி வந்தது:

"திருத்தம்: நேற்றைய மரண அறிவிப்பில் எல்ஸா என்று வெளியான பெயரை ஆவணப்படி எல்ஸா ஸாரா என்று திருத்தி வாசிக்கவும்."